சட்டத்தின் கண்ணில் சின்னம்மா யார்?

2015ஆம் ஆண்டு தை மாதம். வன்னியில் ஒரு மீள்குடியேற்றக் கிராமம். நான் சமூகப் பணியாளராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கையில் குடும்ப விபரப் படிவத்துடன் வீடு வீடாகச் சென்றுகொண்டிருந்தேன். ஒரு வீட்டில் இரண்டு பெண்களும் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தார்கள். சிறுமி அந்த மாதம்தான் முதலாம் வகுப்பில் சேர இருந்தாள். புதுப் புத்தகப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்ற இடத்தில் சிறுமியின் தாயின் பெயரை எழுதினேன். கணவர் 2009இல் இறந்துவிட்டார். அடுத்த வரி, "தலைவருடனான உறவுமுறை". மற்றப் பெண்ணைப் பார்த்து, "நீங்கள் அக்காவுக்கு என்ன முறை?" என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிறுமிதான் பதில் சொன்னாள்.

"அவ எங்கட சின்னம்மா."

"சொந்தச் சகோதரியோ?" என்று கேட்டேன். "இல்லை மிஸ். முகாமில பழக்கம்" என்றார் தாய். நான் படிவத்தில் "உறவில்லை, தங்கியிருப்பவர்" என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லினால் அந்தப் பெண் வாழ்வாதார உதவிக்கான பட்டியலில் இடம்பெறவில்லை. தனிக் குடும்பமாகவும் அவரைக் கணக்கெடுக்கவில்லை, அந்தக் குடும்பத்தின் ஆளாகவும் கணக்கெடுக்கவில்லை. பிழை என்னுடையது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அந்தப் பிழைதான்.

(ஊரையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். அந்த வீட்டார் மூவரும் வாசித்துச் சம்மதித்த பின்னரே இது அச்சுக்குப் போகிறது.)

குடும்பம் என்றால் எது?

அவர்கள் இருவரும் 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் ஒரே கூடாரத்தில் இருந்தவர்கள். அக்கா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. தண்ணீருக்கு வரிசையில் நின்றதும், பிள்ளை பிறந்தபோது வைத்தியசாலைக்குக் கூடப் போனதும், இரவிரவாகப் பிள்ளையை மடியில் வைத்திருந்ததும் சின்னம்மாதான். மீள்குடியேறியபோதும் சேர்ந்தே வந்தார்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் அக்காவின் பெயருக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கிடைத்தது. அத்திவாரம் வெட்டியதும், கல் அரிந்ததும், குறைந்த காசுக்குக் கூலி வேலை செய்து சேர்த்ததும் இருவரும்.

நான் போய்வரத் தொடங்கி இரண்டு வருடங்களுக்குப் பின், ஒரு பின்னேரம் தேத்தண்ணி தந்துகொண்டே அக்கா சொன்னார்: "மிஸ், உங்களுக்கு ஒளிக்க விருப்பமில்லை. நாங்கள் சும்மா சிநேகிதிகள் இல்லை."

எனக்கு உடனே பதில் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள் நான். குடும்பம் என்றால் என்ன என்ற கேள்விக்கு, மேர்டொக் என்ற அறிஞர் 1949இல் தந்த வரைவிலக்கணத்தை மனனம் செய்து எழுதிப் புள்ளி எடுத்தவள். சேர்ந்து வாழும் ஆணும் பெண்ணும் அவர்களது பிள்ளைகளும் என்பதே அதன் சாரம். ஆனால் நான் வேலை செய்த கிராமத்தில் எத்தனை குடும்பங்கள் அந்த வரைவிலக்கணத்துக்குள் அடங்கின? கணவனை இழந்த பெண்ணும் மாமியாரும் சேர்ந்து வளர்க்கும் பிள்ளைகள், அம்மம்மா மட்டுமே உள்ள பிள்ளைகள், தாய் வெளிநாட்டில் இருக்கப் பெரியம்மாவிடம் வளரும் பிள்ளைகள். இவற்றை யாரும் குடும்பம் இல்லை என்று சொல்வதில்லை. அப்படியானால் இந்த வீட்டை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

சகோதரிகளே, ஒரு பெண் இன்னொரு பெண்ணிடமோ ஓர் ஆண் இன்னொரு ஆணிடமோ அன்பும் ஈர்ப்பும் கொள்வதைத் தன்பாலீர்ப்பு என்கிறோம். பிறப்பில் ஆண் என்று பதியப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. இது நோய் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. திருநர்களின் நிலையை 2019இல் உளநோய்ப் பிரிவிலிருந்து எடுத்தது. இவர்களில் பலர் பெற்றோராகவும் இருக்கிறார்கள். குடும்பத்தாரின் வற்புறுத்தலால் திருமணம் செய்து பிள்ளை பெற்றவர்களும் இருக்கிறார்கள்.

"கோட்டுக்குப் போவம், பிள்ளையை எடுப்பம்"

2018 செப்ரெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் தன்பாலீர்ப்பு உறவு குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. அந்தச் செய்தி நமது வீட்டுத் தொலைக்காட்சிகளுக்கும் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் சிறுமியின் சித்தப்பாவுக்குச் சந்தேகம் வந்தது என்று நினைக்கிறேன். ஒரு நாள் அப்பம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து படலையில் நின்று சத்தம் போட்டார். "இது குடும்பமோ? பொலிசில குடுத்தால் ரெண்டு பேரும் உள்ளுக்க. கோட்டுக்குப் போவம், பிள்ளையை எடுப்பம்."

அன்றிரவு அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். "மிஸ், பிள்ளையைப் பறிப்பினமோ?" என்ற ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். மறுநாள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போனோம். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாகச் சட்ட ஆலோசனை கிடைக்கும். அன்று அறிந்தவற்றையும் பின்னர் நான் தேடிப் படித்தவற்றையும் உங்களுக்காகத் தொகுத்துத் தருகிறேன்.

தண்டனைச் சட்டம் என்ன சொல்கிறது?

எமது தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வெள்ளைக்காரர் ஆட்சியில் எழுதப்பட்டது. அதில் 365, 365அ என்ற இரண்டு பிரிவுகள் இவ்விடயத்துடன் தொடர்புபட்டவை. 365அ பிரிவு முன்னர் ஆண்களுக்கு மட்டுமே பொருந்தியது. 1995இல் செய்த திருத்தத்தின் மூலம் பெண்களும் அதற்குள் கொண்டுவரப்பட்டனர். இரண்டு வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சட்டம் தண்டிப்பது சில பாலியல் செயல்களை. இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் வாழ்வதையோ சேர்ந்து பிள்ளை வளர்ப்பதையோ எந்தச் சட்டமும் குற்றமாக்கவில்லை. "உன்னை உள்ளுக்குப் போடுவன்" என்று வெருட்டுபவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

2022இல் ஐக்கிய நாடுகளின் பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான குழு, இலங்கைப் பெண்ணான ரொசானா பிளேமர்-கல்டேரா செய்த முறைப்பாட்டை விசாரித்தது. இந்தச் சட்டம் பெண்களின் உரிமைகளை மீறுகிறது என்று அது முடிவு செய்தது. 2023இல் இப்பிரிவுகளை மாற்றுவதற்கான தனிநபர் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என எமது உயர் நீதிமன்றம் மே மாதத்தில் தீர்மானித்தது. ஆயினும் அது நிறைவேறாமலே 2024 செப்ரெம்பரில் அந்தப் பாராளுமன்றம் கலைந்தது. நீதிமன்றம் வழிவிட்டும் சட்டம் மாறவில்லை.

பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும்?

தந்தை இறந்த பின் பிள்ளையின் இயற்கைப் பாதுகாவலர் தாய். அப்பம்மாவுக்கோ சித்தப்பாவுக்கோ தாயோடு சமமான உரிமை இல்லை. அவர்கள் நீதிமன்றம் போகலாம். ஆனால் தாயிடம் இருப்பதால் பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்ப்பது பிள்ளையின் நலனை. (முஸ்லிம் சகோதரிகளுக்கு முஸ்லிம் சட்டம் பொருந்துவதால் இது வேறுபடும்.)

"ஒழுக்கம்" என்ற அந்தச் சொல்லில்தான் பயம் இருக்கிறது. அதை மறைப்பதற்கில்லை. தண்டனைச் சட்டம் மாறாமல் இருக்கும்வரை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைக் கையில் எடுக்கலாம். அதனால்தான் பிள்ளையின் அன்றாட வாழ்க்கைக்கு எழுத்தில் ஆதாரம் இருப்பது முக்கியம். பாடசாலை வரவு, தேர்ச்சி அறிக்கை, கிளினிக் கொப்பி, தடுப்பூசி அட்டை, பிள்ளையின் பெயரில் உள்ள சேமிப்புப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பையில் பத்திரப்படுத்துங்கள். பிள்ளை எப்படி வளர்கிறது என்பதற்கு அவைதான் சாட்சி.

அந்த வீட்டு விடயம் நீதிமன்றம் போகவில்லை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இரு பகுதியினரையும் அழைத்தார். பாடசாலை அறிக்கையைப் பார்த்தார். ஒன்பது வயதுச் சிறுமியுடன் தனியாகப் பேசினார். பிள்ளை தாயிடமே இருக்கட்டும், சனிக்கிழமைகளில் அப்பம்மாவிடம் போய்வரட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். அப்பம்மா இன்றும் சின்னம்மாவோடு கதைப்பதில்லை. ஆனால் பேத்தியிடம் முருங்கைக்காய் கொடுத்துவிடும்போது மூன்று பேருக்கும் காணுமா என்று கேட்டுத்தான் கட்டிக் கொடுப்பார்.

பிள்ளையின் கேள்வி

சிறுமி பன்னிரண்டு வயதில் ஒருமுறை வயிற்றுக்குத்தால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டாள். அக்கா அன்று கொழும்பில். சத்திரசிகிச்சை செய்யவேண்டி வரலாம் என்று சொல்லிப் பெற்றோரின் கையொப்பம் கேட்டார்கள். சின்னம்மா கையை நீட்டினார். "நீங்கள் யார்?" என்று கேட்டார்கள். பிறந்த நாளிலிருந்து தூக்கி வளர்த்தவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. நல்லகாலம், மருந்தோடு நோவு அடங்கிவிட்டது. ஆனால் பிள்ளை அதை மறக்கவில்லை. என்னிடம் கேட்டாள்: "மிஸ், அம்மாவுக்கு ஏதும் நடந்தால் சின்னம்மா எனக்கு யார்?"

உண்மையான பதில் கசப்பானது. எமது சட்டத்தின் கண்ணில் சின்னம்மா பிற ஆள். இரண்டு பெண்கள் இங்கே பதிவுத்திருமணம் செய்ய முடியாது. 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டப்படி தனியொருவர் மகவேற்புச் செய்யலாம், இருவர் சேர்ந்து செய்வதானால் கணவன் மனைவியாக இருக்கவேண்டும். ஆகவே ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய்மார் என்று சட்டப்படி பதிவு செய்ய வழியில்லை. அக்கா திடீரென்று இறந்தால், பிள்ளை அடுத்த நாளே தன்னை வளர்த்தவரை விட்டுப் போகவேண்டி வரலாம். இதில் இழப்பு வளர்ந்தவர்களுக்கு மட்டுமல்ல, பிள்ளைக்குத்தான் கூட.

இன்றே செய்யக்கூடியவை

சட்டம் மாறும்வரை கைகட்டி இருக்கத் தேவையில்லை. இருக்கின்ற சட்டத்துக்குள்ளேயே சில பாதுகாப்புகள் உள்ளன. இவை போரில் கணவனை இழந்து, சகோதரியுடனோ சிநேகிதியுடனோ சேர்ந்து பிள்ளை வளர்க்கும் எல்லாத் தாய்மாருக்கும் பயன்படும்.

1. மரணசாதனம் எழுதுங்கள். நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன், அல்லது நொத்தாரிசு இல்லாவிடில் ஐந்து சாட்சிகளுடன் எழுதலாம். தந்தை இல்லாத பிள்ளைக்கு, தனக்குப் பின் யார் பாதுகாவலர் என்று தாய் அதில் பெயர் குறிக்கலாம். பிரச்சினை வந்தால் நீதிமன்றம் பிள்ளையின் நலனைப் பார்த்தே முடிவெடுக்கும் என்றாலும், தாயின் எழுத்து பெரிய பலம்.

2. காணி உறுதிக் காணியா, பெமிற் காணியா என்று பாருங்கள். உறுதிக் காணியை மரணசாதனத்தில் விரும்பியவருக்கு எழுதலாம். ஆனால் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பெமிற் காணிக்கு வாழ்க்கைத் துணையையோ சட்டத்தில் குறித்த உறவினரையோ மட்டுமே பின்னுரித்தாளராகப் பெயரிடலாம். சின்னம்மாவின் பெயரை எழுத முடியாது. பிள்ளையின் பெயரை எழுதலாம். அந்த வீட்டுக் காணி பெமிற் காணிதான். அக்கா மகளின் பெயரைப் பதிந்துவிட்டார்.

3. வங்கிக் கணக்கிலும் ஊழியர் சேமலாப நிதியிலும் உங்களுக்குப் பின் பணம் யாருக்கு என்று பெயர் குறிக்கும் படிவம் உண்டு. அதைக் கேட்டு வாங்கி நிரப்புங்கள்.

4. பாடசாலை அதிபரிடம் ஒரு கடிதம் கொடுங்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர், பிள்ளையைக் கூட்டிச் செல்லக்கூடியவர் யார் என்று பெயர், அடையாள அட்டை இலக்கத்துடன் எழுதுங்கள். வெளியூர் போகும்போது, பிள்ளை யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று கையொப்பமிட்ட கடிதம் ஒன்றை வீட்டில் வையுங்கள்.

5. தந்தை உயிருடன் இருந்து பிரிந்து வாழ்ந்தால், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி பிள்ளைக்குச் செலவுக்குக் கொடுப்பது அவரது கடமை. தாய் யாருடன் வாழ்கிறாள் என்ற காரணத்தைக் காட்டிப் பிள்ளையின் தாபரிப்பை நிறுத்த முடியாது.

6. தாய் தகப்பனோ சகோதரனோ அடித்தால், வெருட்டினால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அது 12 மாதங்கள் வரை செல்லும். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938. சிறுவர்களுக்கானது 1929. உத்தியோகத்தர்கள் பாரபட்சம் காட்டினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

திருநர்களான பெற்றோருக்கு இன்னொரு விடயம். 2016 முதல் உளநல மருத்துவ நிபுணரின் பரிசீலனைக்குப் பின் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தமது பெயரையும் பாலினத்தையும் மாற்றலாம். அதன் பிறகு அடையாள அட்டையையும் மாற்றிக்கொள்ளலாம். பிள்ளையின் பத்திரங்களில் உள்ள பெயரும் உங்கள் புதிய பெயரும் வேறுபடும்போது பாடசாலையிலும் வங்கியிலும் கேள்வி வரும். முன்கூட்டியே சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுவையுங்கள்.

பிள்ளைகள் கெட்டுப் போவார்களா?

மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசியபோது ஓர் அம்மா எழுந்து கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் சூசன் கொலம்பொக் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் தன்பாலீர்ப்புள்ள தாய்மாரின் பிள்ளைகளையும் தனித்து வாழும் தாய்மாரின் பிள்ளைகளையும் ஒப்பிட்டு 1983இல் ஆய்வு வெளியிட்டார்கள். மனநலத்திலோ சக பிள்ளைகளோடு பழகுவதிலோ குறைபாடு காணப்படவில்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பின்னரும் தேடிப் போய்ப் பார்த்தார்கள். அப்போதும் அப்படியே. அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய நீண்டகால ஆய்வொன்றும் இதே திசையில்தான் சொல்கிறது. பிள்ளையை வளர்ப்பது வீட்டில் உள்ளவர்களின் அன்பும் கவனிப்பும். பிள்ளையை நோகடிப்பது வெளியாரின் கேலி.

அந்தச் சிறுமிக்கும் கேலி வந்தது. ஏழாம் வகுப்பில் ஒருத்தி, "உன்ர வீட்டில அப்பா யார், அம்மா யார்?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறாள். மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. வகுப்பாசிரியை வீட்டுக்கு வந்து, தன் தாயும் பெரியம்மாவும்தான் தன்னை வளர்த்தார்கள் என்று கதை சொல்லிக் கூட்டிப் போனார். அந்த ஆசிரியை சட்டம் எதுவும் படித்தவர் அல்ல.

வேறு நாடுகளில்

பக்கத்திலுள்ள கேரளத்தில், கோழிக்கோடு அரச மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில் 2023 பெப்ரவரியில் திருநம்பி ஒருவர் பிள்ளை பெற்றார். அவரது துணை ஒரு திருநங்கை. பிறப்புச் சான்றிதழில் "தாய்", "தந்தை" என்று பிரித்து எழுதாமல் "பெற்றோர்" என்று எழுதித் தரும்படி கேட்டு நீதிமன்றம் சென்றார்கள். 2025 ஜூனில் கேரள மேல் நீதிமன்றம் அவ்வாறே வழங்கும்படி உத்தரவிட்டது.

நம்மவர் நிறையப் பேர் வாழும் கனடாவில் 2005இலிருந்து நாடு முழுவதும் ஒரே பாலினத்தார் திருமணம் செய்யலாம். ஒன்ராறியோ மாகாணத்தில் 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, கருத்தரிப்பதற்கு முன்பே எழுத்தில் உடன்பட்டிருந்தால் ஒரு பிள்ளைக்கு நான்கு பேர் வரை பெற்றோராகப் பதியலாம். அங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, வன்னியில் வளரும் பிள்ளைக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

நாம் என்ன செய்யலாம்?

அன்பான வாசகியரே, "தந்தையின் பெயர், தொழில்" என்ற வரிக்கு முன்னால் பேனையைப் பிடித்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களில் பலருக்கு உண்டு. எழுத ஒன்றும் இல்லாமல், எழுதுவினைஞரின் பார்வைக்குக் கூனிப்போன நாட்கள் உங்களுக்கு மறந்திருக்காது. இந்த வீட்டார் நிற்பதும் அதே வரிசையில்தான். அவர்களின் வாழ்க்கையை நீங்கள் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. அவர்களின் பிள்ளையை உங்கள் பிள்ளையோடு விளையாட விடுங்கள். படலையில் யாராவது சத்தம் போட்டால் போய் நில்லுங்கள். பொலிஸ், கோடு என்று வெருட்டுபவரிடம் சட்டம் என்ன சொல்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

நான் இப்போதும் படிவம் நிரப்புகிறேன். ஆனால் உறவுமுறையை நானாக எழுதுவதில்லை. வீட்டார் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். அந்தப் பழைய படிவத்தையும் திருத்தினேன். வாழ்வாதார உதவி இரண்டு வருடம் பிந்தித்தான் சின்னம்மாவுக்குக் கிடைத்தது. அதில் வாங்கிய கோழிகள் பெருகி இப்போது முட்டை வியாபாரம் நடக்கிறது.

சிறுமி சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டாள். சட்டம் படிக்க விருப்பமாம். அவளுக்குப் பதினெட்டு வயதாகும்வரை அக்காவின் மரணசாதனம் அலுமாரியில், துணிகளுக்கு அடியில் இருக்கும். சின்னம்மா அதை இதுவரை எடுத்துப் பார்க்கவில்லை. "அது தேவைப்படாமலே போகட்டும் மிஸ்" என்கிறார்.